பணமா, காணியா, பெயரா: நாடகக் குழு அரசவையிடம் எதை வாங்கலாம்?

ஒரு நாடகக் குழுவுக்குப் பெரிய இடத்து ஆதரவு கிடைத்துவிட்டது என்றால் கூட இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தருகிறார்கள்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தொகை மட்டும் போதாது. ஆதரவு எந்த உருவத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். மொத்தச் செலவையும் ஒருவரே ஏற்று, தன் இடத்திலேயே, தான் சொல்லும் நாளில் ஆடச் சொல்வது ஒரு வகை. நிரந்தர வருமானம் ஒன்றை எழுதிவைத்து, ஆண்டுதோறும் ஆடிக்கொண்டிரு என்று விடுவது இன்னொரு வகை. பெயரை மட்டும் கொடுத்து, அவ்வப்போது சில காட்சிகளைக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு, மற்ற நாட்களில் டிக்கெட் விற்றுப் பிழைத்துக்கொள் என்பது மூன்றாவது.

இன்று இவற்றுக்கு ஸ்பான்சர், அறக்கட்டளை நிதி, அரசு மானியம் என்று வேறு வேறு பெயர்கள். மூன்றையும் அரசவைகள் எப்போதோ செய்துபார்த்துவிட்டன. என்ன ஆயிற்று என்பதும் பதிவாகியிருக்கிறது. முதல் வகைக்குப் பதினான்காம் லூயியின் பிரான்ஸ், இரண்டாவதற்குத் தஞ்சாவூர், மூன்றாவதற்கு முதலாம் ஜேம்ஸின் லண்டன். என் சாய்வு லண்டன் பக்கம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதற்கும் ஓட்டைகள் உண்டு, அவற்றையும் மறைக்கப்போவதில்லை.

பிரான்ஸில் தொடங்கலாம். நாடகம் எழுதி, நடித்து, குழுவையும் நடத்திய மோலியேருக்கு வாய்த்ததைவிட நல்ல புரவலர் ஒரு நாடகக்காரருக்கு வாய்ப்பது கடினம் என்பதால்தான் அவர் கதை பயன்படுகிறது. 1643-இல் பாரிஸில் அவர் கூட்டாளிகளோடு தொடங்கிய குழு இரண்டே ஆண்டில் கடனில் மூழ்கியது. கடன்காரர்கள் அவரைச் சிறையில் போட்டார்கள். பிறகு பதின்மூன்று ஆண்டுகள் வெளியூர்களில் அலைச்சல். அந்த அலைச்சலின் நடுவே தெற்கே கோந்தி இளவரசர் தன் பெயரையும் பணத்தையும் கொடுத்தார். சில ஆண்டுகள் சுகமாகப் போயின. திடீரென்று இளவரசருக்குப் பக்தி முற்றியது. நாடகக்காரர்களோடு உறவை முறித்தார். பிற்காலத்தில் நாடகத்தைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். குழுவின் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை, மாறியது புரவலரின் மனசு. ஒரே ஆளை நம்பியிருக்கும் எந்தக் குழுவும் இந்த இளவரசரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

1658 அக்டோபர் 24 அன்று லூவ்ர் அரண்மனையில், இருபது வயது அரசர் முன்னால் குழு ஆடியது. முதலில் போட்டது கோர்னேயின் சோகநாடகம், அது எடுபடவில்லை. முடிந்ததும் மோலியேர் முன்னால் வந்து, வெளியூர்களில் ஆடிய சின்னக் கேலிக்கூத்து ஒன்றைக் காட்ட அனுமதி கேட்டார். அரசர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் பாரிஸில் நிலைத்து நிற்க இடம் கிடைத்தது. பெத்தி-பூர்போன் என்ற அரண்மனை மண்டபத்தை இத்தாலியக் குழு ஒன்றோடு பங்குபோட்டு ஆடலாம் என்று அனுமதி. அரசரின் தம்பி தன் பெயரைக் கொடுத்து, நடிகர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 300 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) என்று வாக்கும் கொடுத்தார். அந்தப் பணம் ஒருபோதும் வரவில்லை என்று குழுவின் கணக்கை எழுதிவைத்த லா கிராஞ்ச் குறித்திருக்கிறார். அவர் குறிப்பேடு இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் இப்படி ஒரு ஆள் இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1660 அக்டோபரில், லூவ்ரை விரிவாக்குவதற்காக அந்த மண்டபத்தை இடிக்கத் தொடங்கினார்கள். குழுவுக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை. போட்டிக் குழுக்கள் நடிகர்களை இழுக்கப் பார்த்தன, ஒருவரும் போகவில்லை. அரசர் பலே-ரோயால் மாளிகையின் அரங்கைக் கொடுத்தார். அதன் கூரை விட்டங்கள் உளுத்துப்போயிருந்ததால் பழுதுபார்த்துத் திறக்க மூன்று மாதம் ஆயிற்று. அரசர் நல்லவர், உடனே மாற்று இடம் கொடுத்தார், எல்லாம் சரி. ஆனால் இடம் அவருடையது. இடிப்பதும் கொடுப்பதும் அவர் கையில் இருந்தன.

நேரமும் அவருடையதுதான். 1661 ஆகஸ்டில் நிதி அமைச்சர் ஃபூக்கே தன் மாளிகையில் அரசருக்கு விருந்து வைத்தபோது, அதற்கான நாடகம் யோசித்து, எழுதி, பாடம் செய்து, ஆடி முடிக்கப் பதினைந்து நாள்தான் கிடைத்தது என்று மோலியேரே முன்னுரையில் எழுதினார். பார்த்து முடித்த அரசர், இதில் வேட்டைப் பைத்தியம் ஒருவனைச் சேர்க்கலாமே என்றார். சேர்த்தார். (விருந்து வைத்தவரை மூன்று வாரத்தில் கைது செய்துவிட்டார்கள், அது வேறு கதை.) 1664 மே மாதம் வெர்சாய் தோட்டத்தில் நடந்த பெருவிழாவுக்கு அவர் கவிதையில் தொடங்கிய நாடகம், நேரம் இல்லாததால் பாதியில் உரைநடைக்கு இறங்கிவிட்டது. 1663-இல் வெர்சாய்க்காக எழுதிய ஒரு குறுநாடகத்தில், பாடம் மனப்பாடமாகாமல் அரசர் வரவை எண்ணிப் பதறும் குழுவாகத் தன் குழுவையே மேடையேற்றினார். அரசர்களுக்கு வேண்டியது உடனே கீழ்ப்படிவது, தடைகளைக் கேட்க அவர்களுக்குப் பிரியமில்லை என்று அதில் அவரே பேசுகிறார். அரசர் முன்னாலேயே அதைச் சொல்ல முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த அளவுக்குச் செல்லம் இருந்தது. அரசர் அவருக்கு ஆண்டு மானியம் கொடுத்தார், அவருடைய தலைமகனுக்கு ஞானத்தந்தையாக நின்றார், 1665-இல் அரசரின் குழு என்ற பட்டத்தோடு 6000 லிவ்ர் ஒதுக்கினார்.

இவ்வளவு செல்லத்துக்கும் எல்லை எது என்பதை 'தார்த்துஃப்' காட்டியது. பக்தி வேஷம் போட்டு ஒரு வீட்டையே சுருட்டப் பார்க்கும் போலியைப் பற்றிய நாடகம். 1664 வெர்சாய் விழாவில் அரசர் பார்த்தார். பிடித்திருந்தது, ஆனாலும் மதவாதிகளின் நெருக்கடியால் பொது மேடைக்குத் தடை போட்டார். 1667 ஆகஸ்டில் தலைப்பையும் பாத்திரத்தின் பெயரையும் மாற்றி ஒருநாள் ஆடினார்கள். அரசர் ஃபிளாண்டர்ஸ் போர்முனையில் இருந்தார். பாரிஸ் உயர்மன்றத் தலைவர் மறுநாளே நிறுத்தினார். இரண்டு நடிகர்கள் மனுவோடு லீல் முற்றுகை முகாமுக்கு ஓடினார்கள். பயனில்லை. 1669 பிப்ரவரி 5-இல்தான் அனுமதி வந்தது. அன்று அரங்கில் வசூலான 2860 லிவ்ர் குழுவின் சரித்திரத்திலேயே பெரிய தொகை. ஐந்து ஆண்டு காத்திருப்பு. எல்லாம் வல்ல அரசரே பக்கத்தில் இருந்தும் இந்த நிலை. புரவலர் நாடகத்தை ரசிப்பதும், அதற்காக மற்றவர்களோடு சண்டை போடத் துணிவதும் ஒன்றல்ல.

கடைசிச் சம்பவம் இன்னும் கசப்பானது. மோலியேரோடு சேர்ந்து நடன நாடகங்களுக்கு இசையமைத்த லுல்லி, 1672-இல் இசைநாடகத்துக்கான ஏகபோக உரிமையை அரசரிடம் வாங்கிக்கொண்டார். மற்ற குழுக்கள் எத்தனை பாடகர், எத்தனை வாத்தியக்காரர் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கே வரம்பு வந்தது. 1673 பிப்ரவரி 17 அன்று, தன் கடைசி நாடகத்தை நான்காவது முறையாக ஆடி முடித்த இரவில் மோலியேர் இறந்தார். சில வாரங்களில் பலே-ரோயால் அரங்கு லுல்லியிடம் போயிற்று. விதவையும் நடிகர்களும் வேறு கொட்டகை தேடினார்கள்.

இதை வைத்து அரசவை ஆதரவு நாடகத்தைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. துருக்கிச் சடங்கை வைத்துக் கேலி செய்யும் 'கனவானாக விரும்பிய வணிகர்' நாடகம் 1670-இல் ஷாம்போர் மாளிகையில், அரசரின் விருப்பத்துக்காகவே உருவானது. இன்றும் சிரிக்க வைக்கிறது. ஆனால் 'மனித வெறுப்பாளன்', 'கஞ்சன்' இரண்டும் முதலில் வந்தது பாரிஸ் பொதுமக்கள் முன்னால். மோலியேரின் பெட்டியைத் திறந்தால் எனக்கு முதலில் எடுக்கத் தோன்றுவதும் இந்த இரண்டையும்தான்.

தஞ்சாவூருக்கு வருவோம். இங்கே இருக்கும் ஏற்பாடு வேறு மாதிரி. பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில், இரண்டாம் ராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1057 வாக்கில், ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்குச் செய்த ஏற்பாடு பதிவாகியிருக்கிறது. வைகாசிப் பெருவிழாவில் ஆட வேண்டும். ஆடுபவர் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆசார்யன். அவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் காணியாக, அதாவது பரம்பரை உரிமையாக, நாளொன்றுக்கு ஒரு தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம். மூன்று தூணி ஒரு கலம் என்று போட்டுப் பார்த்தால் 360 நாளுக்குக் கணக்குச் சரியாக வருகிறது.

கூத்து நடப்பதோ ஆண்டில் ஒரு திருவிழாவில். நெல் அளப்பதோ தினமும். ஆடாத நாளுக்கும் சோறு உண்டு என்ற இந்த ஒரு ஏற்பாட்டில், மோலியேர் வாழ்நாள் முழுக்கப் பெறாத நிம்மதி இருக்கிறது. நெல் அளப்பது கோயில் பண்டாரம், ஆகையால் அரசன் போருக்குப் போனாலும் செத்தாலும் அளவை நிற்கக் கூடாது. பரம்பரை உரிமை என்பதால் யாரோ ஒருவரின் மனமாற்றத்தில் கூத்தனை வெளியே தள்ளுவதும் எளிதல்ல. கூத்துக்காணி, சாக்கைக்காணி என்று இதே வகை ஏற்பாடுகள் சோழர் கல்வெட்டுகளில் வேறு ஊர்களிலும் கிடைக்கின்றன.

விலை என்ன? ஒரே நாடகம், ஒரே திருவிழா, ஒரே குடும்பம். புதிதாக எழுத வேண்டிய அவசியமும் இல்லை, எழுதினால் கூடுதல் நெல்லும் இல்லை. ராஜராஜேஸ்வர நாடகத்தின் ஒரு வரிகூட இன்று நம்மிடம் இல்லை. நெல் கணக்கு மட்டும் கல்லில் இருக்கிறது. சோழ அரசு மறைந்து, கோயிலின் கை மாறியபோது ஏற்பாடும் கரைந்தது.

இதே முறையின் நீண்ட ஆயுளுக்குத் தஞ்சாவூர் அருகே உள்ள மெலட்டூர் சாட்சி. தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கர் 510 அந்தணக் குடும்பங்களுக்கு வீடும் கிணறும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்பது அந்த ஊர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அச்சுதபுரம் என்று அவர் பெயராலேயே ஊர் அழைக்கப்பட்டது. நாயக்கர் போனார், மராட்டியர் வந்தார்கள், போனார்கள், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) வந்தது. நரசிம்ம ஜயந்தியில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் இன்றும் நடக்கிறது. தியாகராஜர் காலத்தவரான வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரத்தை, ஆண்களே பெண் வேடமும் கட்டி ஆடுகிறார்கள். கொடுத்தவர் மறைந்து நூற்றாண்டுகள் ஆன பிறகும் கொடை வேலை செய்கிறது என்றால் அது நிலமாக, ஊராக இருந்ததால்தான். ரொக்கமாக இருந்திருந்தால் ஒரு தலைமுறை தாண்டியிருக்காது.

ஆனால் அதே தஞ்சை அரண்மனைக்குள்ளே நடந்தது காணி முறை அல்ல. அங்கே வெர்சாயைத் தூக்கிச் சாப்பிடும் நெருக்கம். விஜயராகவ நாயக்கர் தானே யட்சகானம் என்ற இசைநாடகம் எழுதினார். அவர் அவைப் புலவர் ரங்காஜம்மா அவரையே காதல் நாயகனாக வைத்து 'மன்னாரு தாச விலாசம்' எழுதிக் கனகாபிஷேகம் பெற்றார். மராட்டிய மன்னர் சகஜி திருவாரூர்த் தியாகேசர் மேல் பல்லக்கு சேவைப் பிரபந்தம் எழுதினார். எழுதுகிறவரே மன்னர் என்றால் அவையில் குறை சொல்ல யாருக்கு நாக்கு எழும்? கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் நாயகி காதலில் உருகுவது இரண்டாம் சரபோஜிக்காக. அவரோ 1799-இல் ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டைக்குள் ஓய்வூதியத்தில் இருந்தவர். நாடகத்தில் அவர் வீதிவலம் வரும் பேரரசர். காசு கொடுப்பவரின் முகம் மேடைக்கு வந்துவிட்டால் நாடகத்தில் நிஜத்துக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பாட்டு அருமையானது, அதில் சந்தேகமே இல்லை. நாட்டியமும் இசையும் அந்த அவையில் செழித்ததற்கு, தஞ்சை நால்வர் எனப்படும் நட்டுவனார் சகோதரர்களே போதும். ஆனால் அந்த நால்வரிலேயே வடிவேலு திருவிதாங்கூருக்கும் சின்னையா மைசூருக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 1855-இல் கடைசி மன்னர் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் அரசும் போயிற்று. ஒரு தற்செயல்: மோலியேர் இறந்து அவர் குழு அரங்கை இழந்த அதே 1673-இல்தான், மதுரை நாயக்கர் படையிடம் விஜயராகவர் போரில் மடிந்து அவருடைய நாடக அவையும் முடிந்தது.

லண்டனில் அரசர் கொடுத்தது பெயர். அதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு? 1572-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரபு ஒருவரின் பெயர் இல்லாத நடிகன் நாடோடித் திரிபவனாகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படலாம். ஆகவே குழுக்கள் பிரபுக்களின் உடுப்பை அணிந்தன. 1603 மே 19 அன்று ஜேம்ஸ் அரசர் பட்டயம் கொடுத்து, ஷேக்ஸ்பியரும் ரிச்சர்ட் பர்பேஜும் இருந்த குழுவைத் தன் பெயரால் 'அரசரின் ஆட்கள்' ஆக்கினார். அடுத்த ஆண்டு ஊர்வலத்துக்கு ஆளுக்கு நாலரை கெஜம் சிவப்புத் துணி. அரண்மனையில் ஒரு நாடகம் ஆடினால் 10 பவுண்டு. 1603-இல் கொள்ளைநோயால் கொட்டகைகள் மூடிக் கிடந்தபோது 30 பவுண்டு உதவித்தொகை. அவ்வளவுதான். தினசரிச் சோற்றுக்கு, தேம்ஸ் நதியின் தென்கரையில் ஒரு பென்னி கொடுத்து நின்று பார்க்கும் ஜனத்தை நம்ப வேண்டும்.

இந்தக் குழுவின் உண்மையான பலம் அரசர் வருவதற்கு முன்பே உருவாகிவிட்டது. நிலக்காரர் குத்தகையை நீட்டிக்க மறுத்ததால், 1598 டிசம்பரில் தங்கள் பழைய கொட்டகையின் மரங்களைக் கழற்றிக்கொண்டு போய், 1599-இல் குளோப் அரங்கைக் கட்டினார்கள். பர்பேஜ் சகோதரர்களுக்குப் பாதிப் பங்கு, ஷேக்ஸ்பியர் உள்ளிட்ட ஐந்து நடிகர்களுக்கு மீதிப் பாதி. 1613-இல் கொட்டகை எரிந்தபோதும் பங்குதாரர்கள் மறுபடி கட்டினார்கள். மோலியேருக்கு அரங்கு அரசர் தயவு. இவர்களுக்கு அது சொந்தச் சொத்து. தீர்மானிக்கும் வித்தியாசம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் பேரமும் தலைகீழாக நடந்தது. பொதுமேடையில் நாடகம் போடுவதே அரசவைக் காட்சிக்கான ஒத்திகைதான் என்று, நாடகத்தை வெறுத்த லண்டன் நகராட்சிக்கு எதிராக மேலிடம் வாதாடியது. உண்மையில் அரண்மனை வாங்கியதில் பெரும்பகுதி ஏற்கெனவே மக்கள் முன் ஓடித் தேறிய சரக்கு. 1604-05 குளிர்காலத்தில் அரண்மனையில் ஆடிய ஷேக்ஸ்பியர் நாடகங்களில் புதிதும் உண்டு, பல ஆண்டுப் பழையதும் உண்டு. 'வெனிஸ் வணிகன்' அரசருக்குப் பிடித்துப்போய் இரண்டு நாள் இடைவெளியில் மறுபடி ஆடச் சொன்னார். பதினைந்து நாளில் எழுதிக் கொடு என்ற நெருக்கடி இங்கே அபூர்வம். புரவலரின் சாயல் விழவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்காட்லாந்திலிருந்து வந்து, சூனியக்காரிகளைப் பற்றி நூலே எழுதிய அரசரின் காலத்தில் 'மெக்பெத்' வந்தது தற்செயல் இல்லை. அரசரின் முன்னோராகக் கருதப்பட்ட பாங்கோ அதில் நல்லவராக இருப்பதும் அப்படித்தான். ஆனால் அது சாயலோடு நின்றது, முகமே மேடையேறவில்லை.

இனி ஓட்டைகள். பெயர் கொடுத்தவரின் அதிகாரிதான் தணிக்கையும் செய்தார். 1624 ஆகஸ்டில் ஸ்பெயின் அரசவையைச் சதுரங்கக் காய்களாக்கிக் கேலி செய்த மிடில்டனின் நாடகம், தணிக்கை அனுமதியோடு ஒன்பது நாள் தொடர்ந்து கூட்டத்தை அள்ளியது. ஸ்பெயின் தூதர் புகார் கொடுத்ததும் நின்றது. ஆனாலும் குழு பட்டினி கிடக்கவில்லை. சில நாளில் வேறு நாடகத்தோடு திறந்துவிட்டார்கள். பெரிய ஓட்டை வேறு: அரசியல் புரண்டு 1642-இல் நாடாளுமன்றம் எல்லாக் கொட்டகைகளையும் மூடியபோது, அரசரின் பெயர் உதவவில்லை. அன்றைக்கு அந்தப் பெயரே பாரமாகிவிட்டது.

இனி முடிவு. கோயில் திருவிழாவை ஒட்டி, குறிப்பிட்ட கதையைத் தலைமுறையாக ஆடும் குழு என்றால் காணி வழிதான் சரி. அவர்களுக்கு வேண்டியது புதிய நாடகம் அல்ல, அடுத்த வைகாசி. வங்கியில் வைப்புநிதியாகவோ நிலமாகவோ, கொடுத்தவர் திரும்ப எடுக்க முடியாதபடி எழுதி வாங்குங்கள். ஆடாத மாதத்துக்கும் வருமானம் வரும்படி எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு பாராட்டு விழாவும் பொன்னாடையும் இதற்கு ஈடாகாது.

புதிது எழுதி நகரங்களில் ஆடும் குழு என்றால் லண்டன் வழி. புரவலரின் பெயரை நோட்டீஸில் போடுங்கள், அவர் வீட்டு விசேஷத்துக்கோ நிறுவன விழாவுக்கோ காட்சியை விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒத்திகை இடம், ஒளி விளக்கு, உடுப்பு மூன்றும் குழுவின் பெயரில் இருக்கட்டும். வாடகை இடமானாலும் பரவாயில்லை, ரசீது உங்கள் பெயரில் வரட்டும். ஒரே கையிலிருந்து வரும் பணம் ஆண்டு வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்த ஆண்டே டிக்கெட் காட்சிகளைக் கூட்டுங்கள்.

வெர்சாய் வழியை முழுக்கத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஐம்பது பேர் மேடையேறும், இசையும் நடனமும் சேர்ந்த பெரிய தயாரிப்பு ஒன்றை வாழ்நாளில் ஒருமுறையாவது செய்ய ஆசை இருந்தால், அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர் அப்படிப்பட்ட ஒரு புரவலர்தான். அப்போது ஒரு நாடகத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். எழுதவும் ஒத்திகைக்கும் எத்தனை வாரம் என்பதும், விழா முடிந்தபின் அதே நாடகத்தைப் பொதுமேடையில் ஆடும் உரிமை யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். காட்சியை நிறுத்தச் சொன்னால் நடிகர்களின் கூலி, அரங்க வாடகை, விற்ற டிக்கெட்டின் பணம் இவற்றை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்து எழுதி, முன்பணம் வாங்கும் முன்பே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.